மூன்று கேமரா மாப்பிள்ளை

படம் பிடிக்கிறவர்களில் பல இனம் உண்டு. சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடிப்பவர்கள், தன் முகத்தையே தான் படம் பிடித்துக்கொள்பவர்கள், மேகத்தைப் படம் பிடித்து நமக்குக் காலை வணக்கத்தோடு அனுப்பிவைப்பவர்கள். இவர்களால் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. தட்டு ஆறிப்போனால் அது அவர்கள் தட்டு. மேகம் கலைந்துபோனால் மேகத்துக்கு வருத்தம் கிடையாது. நாம் இங்கே பார்க்கப்போவது வேறு இனம்.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கையில் கேமரா இருக்காது. அறையின் மூன்று மூலைகளில் மூன்று முக்காலிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கேமரா, ஒவ்வொரு கேமராவின் தலையிலும் பச்சை விளக்கு மின்னும் ஒரு சின்னப் பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் எஜமானரான ஆசாமி மட்டும் வெறுங்கையோடு நிற்பதுபோல நிற்பார். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வலது உள்ளங்கைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட் பதுங்கியிருக்கும். அவர் இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே மூன்று கேமராவும் ஒரே நொடியில் படம் பிடிக்கும். "கம்பியே கிடையாது பாருங்க" என்பார். அப்போது உங்கள் முகத்தில் ஆச்சரியம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்.

நம்முடைய ஆசாமி பிழைப்புக்குக் குளியலறை டைல்ஸ் விற்கும் கடையில் மேனேஜர். கெட்டிக்காரர், ஒழுங்கானவர், கோபமே வராது. கடையில் யாரும் அவரைப் பற்றிக் குறை சொன்னதில்லை. வீட்டில் அவர் மனைவி சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளும் அடுப்பில் பால் பொங்கிய அன்றைக்குப் பிறகு நிறுத்திக்கொண்டாள். அன்று அவள் மொட்டைமாடியிலிருந்து, "என்னங்க, பால் பொங்கப்போகுது, அடுப்பை அணைங்க!" என்று கத்தினாள். அவர் சமையலறையில்தான் இருந்தார். பொங்கி வழிந்து, மேடையில் ஓடி, தரையில் சொட்டியது வரைக்கும் மூன்று கோணத்தில் எடுத்துவிட்டு, பிறகு அடுப்பை அணைத்தார். அவள் மூச்சிரைக்க வந்து நின்றபோது, "மேலேருந்து எடுத்தது பிரமாதமா வந்திருக்கு" என்றார். அவள் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். அதையும் எடுத்தார்.

குடும்பப் படங்களில் அவரும் இருப்பார், அதற்காகத்தானே ரிமோட். எல்லாப் படத்திலும் அவர் வலது கை யாருடைய முதுகுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க அவர் மட்டும் மூன்று பச்சை விளக்குகளையும் எண்ணிக்கொண்டிருப்பார். ஆகவே ஆல்பம் முழுக்க அவர் முகம் வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவருடைய முகமாகவே இருக்கும்.

யாராவது அவரைத் தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யார் தடுப்பது? அவர் அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. மகன் இப்படிச் செய்தால் "போதும்டா, எடுத்துட்டுப் போ" என்று ஒரு அதட்டு போட்டுவிடலாம். மாப்பிள்ளையை யார் அதட்டுவது? மாமனார் ரிட்டையரான கணக்கு வாத்தியார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் நிற்கவைத்தவர். மாப்பிள்ளை வந்துவிட்டால் அவரே வாய் பேசாமல் போய், சொன்ன இடத்தில் நிற்பார். "கொஞ்சம் இடது பக்கம், மாமா." நகர்வார். "தாடையை இறக்குங்க, மாமா." இறக்குவார். "ஒரே ஒரு தடவை, சேஃப்டிக்கு" என்று மாப்பிள்ளை ஏழாவது தடவை சொல்லும்போதும் மாமனார் கண்ணை மூடித் திறப்பதோடு சரி.

அந்தக் கண்ணில்தான் ஒரு கதை இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் மாமனாருக்கு இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. அவருக்கு ஒரே தம்பி. பஸ் கம்பெனி ஒன்றில் டயர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்தத் தம்பி பார்க்க வரவில்லை. ஏன் வரவில்லை என்றால் அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், வீட்டில் ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். "சொல்லித்தான் வரணுமா?" என்று அண்ணன் கேட்டார். "சொல்லாம எப்படி வர்றது?" என்று தம்பி கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டு பேரும் அதைத் தங்கள் தங்கள் வீட்டுச் சுவரிடம் கேட்டார்கள். அன்று முதல் பேச்சு இல்லை. மருந்துக்கடையில் தம்பி நிற்பதைப் பார்த்துவிட்டால் அண்ணன் மாத்திரையை நாளைக்கு வாங்கிக்கொள்வார்.

மாமியாருக்கு இது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கத்திலும் பேசிப் பார்த்தாள். நடக்கவில்லை. இதற்கிடையில் இளைய மகளுக்கு, நர்ஸாக இருக்கிறவளுக்கு, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, ஒரு சின்னக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, மதியச் சாப்பாடு போடுவது என்று முடிவாயிற்று. அந்தப் பெண்ணைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டதெல்லாம் அந்தச் சித்தப்பாதான். அவளே நேரில் போய் அழைத்தாள். "நீ கூப்பிட்டதுக்காக வரேன், உனக்காக மட்டும்" என்றார் சித்தப்பா. அண்ணனும் வீட்டில் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

மாமியார் மூத்த மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாப்ள, ஒரு உதவி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கற மாதிரி ஒரே ஒரு போட்டோ. அது போதும் எனக்கு. நாங்க யார் சொன்னாலும் நிக்க மாட்டாங்க. நீங்க சொன்னா தட்ட முடியாது."

"கவலைப்படாதீங்க அத்தை. மூணு ஆங்கிள்ல எடுத்துடறேன்."

"ஒரு ஆங்கிள் போதும் மாப்ள."

அவர் பெருந்தன்மையோடு புன்னகை செய்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"என்னங்க, இது விளையாட்டு இல்ல. ஒரு கேமரா எடுத்துட்டு வாங்க. நிக்க வைங்க, எடுங்க, விட்டுடுங்க. ரொம்ப நேரம் நிக்க வெச்சா சித்தப்பா எழுந்து போயிடுவார். அப்புறம் இந்த ஜென்மத்துக்கு வரமாட்டார்."

"நிக்கறவர் எப்படி எழுந்து போவார்?" என்றார் அவர். கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையான சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கேமராவும் வந்தன.

கூடம் மாடியில் இருந்தது. பெரிய ஹால் ஒன்றை மரத்தடுப்பால் இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் இவர்களுக்கும் அந்தப் பக்கம் ஒரு மெத்தைக் கம்பெனியின் பரிசளிப்பு விழாவுக்கும் விட்டிருந்தார்கள். தடுப்புக்கு அப்பாலிருந்து மைக் சத்தமும் கைதட்டலும் வந்துகொண்டிருந்தன. சித்தப்பா வந்து வாசலருகே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை. அண்ணன் எதிர்மூலையில் உட்கார்ந்து மின்விசிறியைப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு பரிமாறுகிறவர்கள்கூட ஓரமாகவே நடந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் பட்டது உயரம். இரண்டு முக்காலியைத் தரையிலும் ஒன்றை மேஜைமேலும் நிறுத்திவிட்டு வந்தவர், கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "உயரமானவங்க எல்லாம் பின்வரிசை. மாமா, நீங்க வாங்க. சின்ன மாமா, நீங்களும்." இரண்டு பேரும் எழுந்து வந்து, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். "இன்னும் கிட்ட. இன்னும். தோளோடு தோள் ஒட்டணும், நடுவுல சுவர் தெரியுது."

கூடம் மூச்சை அடக்கிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அந்த இரண்டு பேரிடமும் சொல்லத் துணியாததை, சுவர் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதர் சொல்லிவிட்டார். அண்ணன் அசையவில்லை. தம்பி அசையவில்லை. மாப்பிள்ளை இருவருடைய தோளையும் பிடித்து, கடையில் இரண்டு டைல்ஸை ஒட்டவைப்பதுபோலச் சேர்த்துவைத்துவிட்டு, பின்னால் வந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "ஆங். அப்படியே இருங்க."

மாமியார் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினாள். இப்போது அவர் ரிமோட்டை அழுத்தியிருந்தால் வேலை முடிந்தது. ஒரு விரல், ஒரு பொத்தான்.

ஆனால் அவர் படத்தில் இல்லையே! அவர் ரிமோட்டை உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தார். பாதி வழியில் இருந்தபோது மூன்று கேமராவும் தாமாகவே 'டிக்' என்றன.

நின்றார். கட்டைவிரலைப் பார்த்தார். அது பொத்தான்மேல் இல்லை. திரும்பிப் போய் நடுக் கேமராவைக் குனிந்து பார்த்தார். அவர் குனிந்திருக்கும்போது அது மறுபடியும் 'டிக்' என்று அடித்தது. இடது கேமராவுக்கு ஓடினார். தடுப்புக்கு அப்பால் கைதட்டல் எழுந்தது. இடது கேமரா அவர் வயிற்றை மூன்று தடவை எடுத்தது.

"யாரும் அசையாதீங்க. ஃபோகஸ் வெச்சாச்சு."

"என்னங்க, நீங்க இல்லாட்டிப் பரவாயில்ல. அங்கேருந்தே அழுத்திடுங்க" என்றாள் மனைவி முன்வரிசையிலிருந்து, பல்லைக் காட்டிச் சிரித்தபடியே.

"குடும்பப் படம்னா குடும்பம் முழுக்க இருக்கணும்" என்றார் அவர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அதுவும் தவிர, அதுவா அடிச்சா அது நான் எடுத்த படம் இல்ல."

பிறகு அவர் பரிசோதனையில் இறங்கினார். ஒரு கேமராவின் முன்னால் குனிந்து, அதன் தலையிலிருக்கும் பெட்டியின் விளக்கை உற்றுப் பார்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்துவார், அடிக்கும். சரி என்று தன் இடத்துக்கு நடப்பார். பாதி வழியில் அதுவாக அடிக்கும். திரும்புவார். பேட்டரியைக் கழற்றுவார், சட்டையில் துடைப்பார், மாட்டுவார். மேஜைமேல் ஏறுவார், இறங்குவார். இறங்கும்போது அடிக்கும். முன்வரிசையில் மண்டியிட்டிருந்தவர்களுக்குக் கால் மரத்தது. ஒரு குழந்தை நின்றபடியே தூங்கிவிட்டது. மனைவி சித்தப்பாவின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பியது.

அப்போது சித்தப்பா, யாரிடமும் இல்லாமல் காற்றிடம் சொன்னார்:

"இன்னும் எவ்வளவு நேரம் இப்படி?"

பக்கத்திலிருந்து, அதே காற்றிடம், ஒரு குரல் சொன்னது:

"இப்பத்தான ஆரம்பிச்சிருக்கார்."

நடுக் கேமரா ஒரு தடவை அடித்தது.

"போன வாரம் எங்க வீட்டு வாசல்ல கேட் மாட்டினோம்" என்றார் அண்ணன், மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தபடி. "அதைத் திறக்கற மாதிரி எடுக்கணும்னார். எங்களை வெளியில நிறுத்தினார். மழை வந்துடுச்சு. மழையும் நல்லா இருக்கு, அப்படியே இருங்கன்னார்."

தம்பியின் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லலையாண்ணே?"

"மாப்பிள்ளையாச்சே, என்னத்தைச் சொல்றது?"

"டயர் பஞ்சரான மாதிரி நின்னிருப்ப."

"நனைஞ்ச டயர்" என்றார் அண்ணன்.

இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். ஒட்டியிருந்த தோள்கள் ஒன்றாகவே குலுங்கின. சிரிப்பு அடங்கியதும் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கண்ணு எப்படிண்ணே இருக்கு?"

"பரவாயில்ல. வெயில்ல கொஞ்சம் கூசுது."

"எனக்கு யாரும் சொல்லலண்ணே. சத்தியமா."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒரு வாரத்துல தெரிஞ்சுடுச்சு" என்றார் கணக்கு வாத்தியார். "அதுக்கப்புறம் எப்படி வர்றதுன்னுதான் தெரியல."

தம்பி அவர் பக்கம் திரும்பினார். "கண்ணாடியைக் கழட்டு, பாக்கறேன்" என்றார்.

"மாமா, பேசாதீங்க, வாய் அசையுது!" என்று மேஜையடியிலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். அவர் முதுகு மட்டுமே தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக மாமனார் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சற்று உரக்கச் சொன்னார்:

"நீங்க உங்க வேலையைப் பாருங்க மாப்ள. நாங்க பேசிட்டிருக்கோம்."

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வரிசையைவிட்டு விலகி, ஜன்னலோரம் போய்ப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். தம்பி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போனாள். வரிசை கலைந்தது. மாப்பிள்ளை எழுந்து திரும்பியபோது எதிரே வெறும் சுவர்தான் இருந்தது.

"என்ன எல்லாரும் போயிட்டீங்க? நான் இன்னும் எடுக்கவே இல்லையே!"

யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் மரத்தடுப்பு விலகி, வியர்த்து வழியும் ஒரு ஸ்டுடியோக்காரர் தலையை நீட்டினார். அவர் கையிலும் தீப்பெட்டி அளவில் ஒன்று இருந்தது.

"சார், உங்க ரிமோட் எந்த சேனல்?"

"ஒண்ணு."

"நானும் ஒண்ணு" என்றார் ஸ்டுடியோக்காரர், தொலைந்துபோன உறவினரைக் கண்டதுபோல. கடையிலிருந்து வரும்போதே இந்த ரிமோட்டுகள் எல்லாம் முதல் சேனலில்தான் வரும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் அதே சேனலில் இருந்தால், அவர் அழுத்தினால் இவர் கேமரா அடிக்கும், இவர் அழுத்தினால் அவருடையது. "நீங்க அழுத்தின நேரமெல்லாம் அந்தக் கம்பெனி முதலாளி கொட்டாவி விட்டிருக்கார் சார். எல்லாக் கேமராவிலயும் கொட்டாவி. மெத்தைக் கம்பெனிங்கறதால பரவாயில்ல, விளம்பரத்துக்கு வெச்சுக்கலாம்னுட்டார்."

இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். பேச்சின் நடுவே ஸ்டுடியோக்காரர் சாதாரணமாகக் கேட்டார்: "உங்ககிட்ட எத்தனை?"

"மூணு."

"நம்மகிட்ட அஞ்சு."

அன்றைக்கு நம் ஆசாமியின் முகம் வாடியது அந்த ஓர் இடத்தில்தான்.

மாலையில் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைப் பார்த்தார்கள். அவருடைய முதுகு. அவருடைய வயிறு. மேலிருந்து அவருடைய வழுக்கை, மிகத் துல்லியமாக. மனைவி அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் அவள் விரல் நின்றது. இடது கேமரா எடுத்தது. பாதிப் படத்தை அவருடைய முழங்கை அடைத்துக்கொண்டிருந்தது. முழங்கைக்கு அப்பால் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தியிருந்தார். தம்பி அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தக் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பின்னால் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"முழங்கை குறுக்க இருக்கு" என்றார் அவர். "ரெண்டு பேருமே கேமராவைப் பாக்கல."

"இதைத்தான் அம்மா கேட்டாங்க" என்றாள் மனைவி.

அவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கும் நெஞ்சில் என்னவோ செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது அடங்குவதற்குள் இன்னொன்று வந்து உறுத்தியது. இதை அழுத்தியது யார்? தன் கட்டைவிரலா, ஸ்டுடியோக்காரருடையதா? அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டு, இருவரும் படங்களின் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே நொடியில் அந்தப் பக்கத்து ஐந்து கேமராவிலும் காலி மேடைதான் விழுந்திருந்தது. "காலி மேடையை நான் எதுக்கு சார் எடுக்கப்போறேன்?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

அப்படியானால் அவரேதான். தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த படத்தை, விஷயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பச்சை விளக்கைப் பார்த்தபடி எடுத்திருக்கிறார். அவருக்கு நிம்மதி ஆயிற்று.

இப்போது அந்தப் படம் பெரிதாகி, சட்டம் போட்டு, மாமியார் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. யாராவது அந்த முழங்கை என்ன என்று கேட்டால், "ஆழம் தெரியறதுக்காக வெச்சேன்" என்கிறார் மாப்பிள்ளை. அண்ணனும் தம்பியும் தினமும் சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்தால் காலையிலேயே போய்விடுகிறார்கள். இருவரையும் சேர்த்துவைத்தது தன் படம்தான் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். யோசித்துப் பார்த்தால் அது தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாலாவது, ஐந்தாவது கேமராக்கள் வந்துவிட்டன. ஆறாவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டு, நல்லவேளை நம் வீட்டில் இப்படி ஒருவர் இல்லை என்று பெருமூச்சு விட்டிருப்பீர்கள். சரி, ஒன்றே ஒன்று கேட்கிறோம், பதில் எங்களுக்குச் சொல்லவேண்டாம். அண்ணனும் தம்பியும் பேச ஆரம்பித்த இடத்தில் உங்கள் மனசு எங்கே இருந்தது? அவர்களோடு இருந்ததா? இல்லை, "வலது பக்கக் கேமரா என்ன ஆச்சு, அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே" என்று ஒரு மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்ததா?

அப்படியானால், தயவுசெய்து உங்கள் வலது கையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்.